வராதவர்கள்

சொந்த அக்கா வீட்டுச் சுவரில் எதிராளியின் போஸ்டர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

டிரைவிங் டீச்சர் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினாள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். இப்போது நகரசபைத் தேர்தலில் வேட்பாளர்.

தாத்தா காலத்தில் ஆலை வேலைக்கு வந்த ஜனம் அவளுடையது. வீட்டுக்குள் வேறு பாஷை. பிறப்பு, படிப்பு, கல்யாணம், சாவு எல்லாம் இங்கேதான் என்றாலும், ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் 'வந்தவங்க'. அவர்கள் தெருவிலிருந்து நகரசபைக்கு இதுவரை ஒருவரும் போனதில்லை.

"என்னக்கா இது?"

கேட்டுக்கிட்டுத்தான் ஒட்டினாங்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்ல முடியுமா என்றாள் அக்கா, துணி உலர்த்திக்கொண்டே.

"அப்ப என்னோடதும் ஒண்ணு ஒட்டிக்கறேன்."

"இடமில்லையேடி."

சுவர் தெருக்கோடி வரை நீண்டு கிடந்தது.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அத்தானும் அப்படித்தான். நாலு பேர் வந்துபோற இடம், அரசியல் வேண்டாம்மா என்று நோட்டீஸைக் கையில் வாங்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தையற்காரி, இவளைத் தூரத்தில் கண்டதுமே எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தாள்.

பொறாமை. வேறென்ன? நம்மில் ஒருத்தி மேலே போனால் நம்மவர்களுக்கே பொறுக்காது.

புருஷனுக்குக் கப்பலில் வேலை. போனில் குரல் வரும், பாதியில் அறுந்துபோகும். ஆக, கட்சிச் செயலாளரும் அவருடைய ஆட்களும்தான் துணை. அவர்களும் இவளோடு பேசியதைவிடத் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

ஊர்க்காரர்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் கதவை முழுக்கத் திறக்காமலே கேட்டார்.

"ஜெயிச்சா உங்க ஆளுங்களுக்குத்தானே எல்லாம் செய்வீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் சிரித்துவிட்டார்.

"நீங்க வேற சார். இவங்க ஆளுங்களே இவங்களைச் சீந்துறதில்ல. பாத்தீங்கல்ல, ஒருத்தனாவது கூட வர்றானா?"

வீட்டுக்காரர் முகம் இளகியது. அப்படியா சேதி என்று நோட்டீஸை வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்ததும், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

அதன்பிறகு வீட்டுக்கு வீடு செயலாளர் அதையேதான் சொன்னார். அவளும் தடுக்கவில்லை. உண்மைதானே?

கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் ஆசை விடவில்லை. சொந்தக்காரர்கள் உட்கார முன்வரிசையை ஒதுக்கிவைக்கச் சொன்னாள். கூட்டம் தொடங்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் சைகை காட்ட, பின்னால் நின்றிருந்த கட்சிக்காரர்கள் வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜெயித்தாள். மயிரிழையில்தான், ஆனாலும் ஜெயம் ஜெயம்தான்.

திறந்த வேனில் ஊரெல்லாம் கூட்டிப்போனார்கள். யார் யாரோ ஓடிவந்து கைகுலுக்கினார்கள். அவள் பிறந்த தெருவுக்குள் வேன் நுழைந்தபோது ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. நல்ல வெயில், தூங்கறாங்க போல என்றார் செயலாளர். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதை இன்றைக்குக் கேட்காமல் விடுவதில்லை என்று சாயங்காலம் தனியாக நடந்தே அக்கா வீட்டுக்குப் போனாள். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் கூட்டிக்கூட்டிச் சேர்த்துக்கொண்டாள். கதவைத் தட்டினாள்.

அரைக் கதவு திறந்தது. அக்கா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, உடனே தாழ்ப்பாள் போட்டாள்.

கூடம் நிறைய ஆட்கள். தெருவே தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. சத்தம் வெளியே போய்விடும் என்று தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு கிழவர் முட்டி போட்டே நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"நீங்க எல்லாரும் எனக்கா போட்டீங்க?"

"பின்னே? உனக்குப் போடாம வேற யாருக்குடி போடுவோம்?" என்றாள் அக்கா.

"அப்புறம் ஏன்க்கா என்னை அநாதை மாதிரி நடக்க விட்டீங்க?"

அத்தான் தணிந்த குரலில் சொன்னார். போன தடவை இதே தெரு மருந்துக்கடைக்காரர் நின்றபோது தெருவே திரண்டு அவர் பின்னால் போனது. வந்தவங்க கூட்டம் சேர்ந்துட்டாங்க, இனி ஊரே அவங்க கையில என்று ஒரே பேச்சு. மனுஷன் மண்ணைக் கவ்வினார். அதனால் இந்த முறை தெரு கூடிப் பேசி முடிவெடுத்தது. அவளிடம் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது மனசு லேசாகியிருந்தது.

"அதான் ஜெயிச்சாச்சே. பதவியேற்புக்காவது வாங்க. யாராவது ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்."

ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா அவளுடைய கலைந்த தலையைக் கோதிவிட்டாள்.

"நாங்க டிவியில பாத்துக்கறோம். நம்ம பொண்ணு ஒருத்தி அங்கே உக்காரணும்னா, நமக்கு ஆகாதவளாத்தான்டி உக்காரணும்."