ஸ்பீக்கரில் வந்த ரேஞ்சர்

எம்.எல்.ஏ. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"யாரைக் கேட்டுய்யா மெஷினை உள்ளே விட்டே? உங்கப்பன் வீட்டுக் காடா அது?" என்று தெலுங்கில் ஒரு பிடி பிடித்தார்.

மறுமுனையில் வனத்துறை ரேஞ்சர் நடுங்கினார். "தப்பாயிடுச்சு சார். இப்பவே நிறுத்திடறேன் சார்."

நெமலிகுட்டா காட்டைக் காப்பாற்றச் சொல்லி வந்திருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவர்களில் ஒருவரான, ரிட்டயரான ஜெகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வித்யாலட்சுமியும்தான் தட்டினாள். நகரத்து நடுவிலிருந்த மாரெட்பள்ளியை விட்டு ஊர்க்கோடிப் பட்டான்செருவுக்கு அப்பால் வீடு வாங்கி வந்ததிலிருந்து, ஜன்னலைத் திறந்தால் அந்தக் காடுதான். பாறை, முள், சீதாப்பழ மரங்கள், மயில். அதை மட்டமாக்கி பிளாட் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மாடி மாடியாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவள் அவள்.

ஓட்டுப் போட்டவர்கள் நேரில் போய் உட்கார்ந்தால் எந்த எம்.எல்.ஏ.வும் முகத்தைத் திருப்ப முடியாது என்று எல்லோரையும் நம்பவைத்தவளும் அவள்தான்.

இவர் திருப்பவில்லை. டீ கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார், உடனே போனை எடுத்தார். வேறென்ன வேண்டும்?

கைப்பையில் அவளுடைய போன் அதிர்ந்தது. காட்டோரம் காவலுக்கு விட்டுவந்த கீழ்வீட்டு அஸ்வினி.

பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதென்று வராந்தாவுக்கு வந்து எடுத்தாள். கதவு சரியாக மூடவில்லை.

"அக்கா, இப்ப நாலு ஜேசிபி ஓடுது! மயில் முட்டை வெச்ச புதரையும் தோண்டிட்டாங்க. யாரையாச்சும் அனுப்புங்கக்கா!"

அஸ்வினியின் குரலுக்குப் பின்னால் இயந்திரங்கள் உறுமுவது நன்றாகவே கேட்டது.

அதே சமயம் அறைக்குள்ளே ரேஞ்சர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நிறுத்தியாச்சு சார். எல்லா மெஷினும் வெளியே வந்தாச்சு சார்."

அந்தச் சொற்கள் வராந்தாத் தூணுக்குப் பின்னாலிருந்தும் வந்தன, அரை நொடி முன்னதாக.

எட்டிப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பெசரட்டுத் தட்டோடு சீனு. எம்.எல்.ஏ.வின் உதவியாளன், இந்தச் சந்திப்புக்கு அவளை ஒரு மாதம் நடையாய் நடக்க வைத்தவன். காதில் போன். "சாரி சார்" என்று நடுங்குவான், ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்ப்பான், மறுபடியும் நடுங்குவான்.

ரேஞ்சரும் இல்லை, வனத்துறையும் இல்லை. எம்.எல்.ஏ. கூப்பிட்டது இவனைத்தான்.

 இந்தக் கூத்துக்கா கை தட்டினோம் என்று அவளுக்கு எரிந்தது.

சீனு போனைப் பொத்திக்கொண்டான். அவனும் அவளைப்போலத் தமிழன்தான், ரயில்வே காலனிக்காரன்.

"நக்கோ அக்கா, வேணாம், உங்க கால்ல விழறேன். புள்ளகுட்டிக்காரன். யார் வந்தாலும் நான்தான் பேசணும். நேத்து தண்ணி போர்டு, இன்னிக்கு ஃபாரஸ்ட்."

அவன் போனைப் பிடுங்கினாள்.

உள்ளே எம்.எல்.ஏ.வுக்குச் சூடு தணியவில்லை. "கேட்குதா? இனி ஒரு மரம் விழுந்தாலும் உன் வேலை காலி!"

"விழுந்துட்டேதான் இருக்கு சார்," என்றாள் வித்யாலட்சுமி, அவருக்குப் புரியட்டும் என்று தெலுங்கிலேயே. "நாலு ஜேசிபி ஓடுது. ரேஞ்சர் உங்க வராந்தால உக்காந்து பெசரட்டு சாப்பிடறார்."

அறைக்குள் ஸ்பீக்கரில் தன் குரல் கணீரென்று ஒலிப்பதை அவளே கேட்டாள்.

 உள்ளே, கை தட்டியவர்கள் பக்கம் ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபட்டது. அப்புறம் இன்னொன்று.