கீழ்க்குழாயைக் காணோம்

"ஏனுங்க சார், இந்த ஸ்கேனைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் ஹுமேரா. காந்திபுரத்து ஸ்கேன் சென்டரில் அவள் டாக்டர்; கௌதமனின் பழைய மாணவி.

உடற்கூறியல் பேராசிரியர் கௌதமன் திரையைப் பார்த்ததும் துள்ளிவிட்டார். பிட்டத்தில் மேலொன்று கீழொன்றாக ஓட வேண்டிய ரத்தக்குழாய்களில் கீழ்க்குழாயையே காணோம்! மேல்குழாயே கிளைவிட்டு அந்த வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருபது வருஷமா பிணம் பிணமா அறுத்துத் தேடறேன் கண்ணு. ஒண்ணுலகூடச் சிக்கல. ஆள் யாரு?"

"நம்மூர் ஆளுதாங்க."

"விட்றாத! நம்ம காலேஜுக்கு உடல்தானம் எழுதி வாங்கிப்போடு."

"அவரு ஒத்துக்கோணுமேங்க சார்."

"பல்லடத்துல கோழிப்பண்ணைக்காரரையே பேசிப்பேசி எழுத வெச்சவன் நானு. செத்தப்பறம் இந்த உடம்பு எதுக்குன்னு கேளு. பயந்தான்னா நம்பரைக் குடு, நானே பேசிக்கறேன்."

ஹுமேரா தயங்கினாள். "நேத்து இடுப்பு வலின்னு நீங்க வந்து படுத்தீங்களே... அந்த ஸ்கேன்தாங்க சார் இது."

கௌதமன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது வருஷமாகத் தேடியதன் மேலேயே இருபது வருஷமும் உட்கார்ந்திருந்த மேதை, நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"உடல்தான ஃபாரம் கொண்டாரட்டுங்களா சார்?"

"அதுக்கென்ன கண்ணு இப்ப அவசரம்?" என்றார். "ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேன்."