மேஜைமேல் கழற்றி வைத்த கண்ணாடி

டாக்டர் அறையை ஒட்டிய லேசர் அறையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. கிட்டப்பார்வைக்காரர் யார் வந்தாலும் இரண்டுக்கும் சண்டைதான்.

அன்று வந்தவள் கபடி ஆடும் செண்பகா. மாநில அணியில் இடம் கிடைத்திருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு களத்தில் இறங்க முடியாது. லென்ஸோ அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“கருவிழியில் மெல்லிய மூடியொன்றைத் திறந்து, உள்ளே செதுக்கி, மூடிவிடுவேன். நாளைக்கே பார்வை தெளிந்துவிடும்” என்றது புது இயந்திரம்.

“ஒரு முழங்கை பட்டால் உன் மூடி நகர்ந்துவிடுமே! நான் மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டுச் செதுக்குவேன். சில நாள் எரியும். ஆனால் நகர்வதற்கு ஒன்றுமிருக்காது” என்றது பழையது.

மேஜைமேல் கிடந்த செண்பகாவின் கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்தது. எது ஜெயித்தாலும் தனக்குக் குப்பைத்தொட்டிதான்.

டாக்டர் கண்ணை அளவெடுத்த படத்தோடு வந்தார். “கருவிழி ரொம்ப மெலிசா இருக்கும்மா. எந்த லேசரும் வேண்டாம். இருக்கிற பார்வைக்கே ஆபத்து.”

“அடுத்து யார்?” என்றது புதியது.

“பார்த்தீர்களா, கடைசியில் நான்தான்!” என்று கண்ணாடி கூவியது.

செண்பகா அதை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலை அவளுக்குத் தெளிவாகக் காட்டக் கண்ணாடி எவ்வளவோ முயன்றது. முடியவில்லை. அதன் உள்பக்கம் நனைந்துகொண்டே இருந்தது.