பருந்து வராத காலை

பருந்து வரவில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது.

பேரிகை மேட்டில் அது முக்கி முனகி ஏறும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்ப் புங்கமரத்தடியில் நிற்கும். கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ரோடு. நான் டப்பாவும் குச்சியுமாக நின்று வானத்தைப் பார்த்தேன்.

கோழி வளர்க்கிற வீடுகளில் எல்லாரும் பருந்து வரக்கூடாது என்றுதான் காவல் நிற்பார்கள். நான் வரவேண்டும் என்று நின்றேன்.

அந்த பஸ்ஸில் அக்கா இருப்பாள்.

கூட வேலை செய்கிற ராமநாதபுரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு போன வருஷத்திலிருந்து பேரிகையில் குடியிருக்கிறாள். அவள் பேரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நானும் அப்படி ஆகிவிடுவேன் என்று என் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டார்.

அம்மாதான், குஞ்சுகளைப் பார்த்துக்கொள் என்று டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

எங்கள் ஊர் வந்ததும் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். ஏறுகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். நான் கை காட்டினால் சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். கூப்பிடலாம் என்றால் எனக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போதே வராது.

ஆனால் டப்பா அடிக்கலாம்.

மாசியில் ஒரு நாள் பஸ் நின்ற நேரம் பார்த்துப் பருந்து இறங்கியது. நான் படபடவென்று அடித்தேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள். என்னைப் பார்த்து அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

பருந்து விரட்டுகிற பெண்ணை வேடிக்கை பார்த்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு தினமும் வேண்டிக்கொள்வேன். குஞ்சைத் தூக்க வேண்டாம். பஸ் நிற்கும்போது மேலே ஒரு வட்டம் போட்டால் போதும். சில நாள் போட்டது.

போன வாரம் அம்மா குஞ்சுகளுக்கு ரோஸ் கலர் பூசினாள். சந்தையில் வாங்கிய சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வெயிலில் விட்டாள். கலர் பூசினால் பருந்துக்கு அது குஞ்சு என்றே தெரியாதாம். எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். எந்த வீட்டிலும் பலித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பலித்துவிட்டது. பருந்து கரண்டுக் கம்பத்துக்குக்கூட வருவதில்லை. அக்கா குனிந்த தலையோடு போய்க்கொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா, இப்பிடி அண்ணாந்துகிட்டே நிக்கற. பருந்துக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறியா" என்று பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அத்தை வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

நான் குஞ்சுகளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்பாவும் கவனித்துவிட்டார். பருந்து வராத வீட்டுக்குக் காவல் எதற்கு, திங்கட்கிழமையிலிருந்து தளிப் பக்கம் கோஸ் தோட்டத்துக்கு வேலைக்குப் போகட்டும் என்று நேற்று சொன்னார். தோட்டத்துக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். திரும்ப இருட்டிவிடும்.

இன்று சனிக்கிழமை. நாளைக்குக் கம்பெனி லீவு.

பஸ் புங்கமரத்தடியில் வந்து நின்றது.

ஜன்னலோரம் அக்கா. தலையில் கனகாம்பரம். குனிந்திருந்தாள். ஒவ்வொருவராக ஏறினார்கள்.

வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

நான் டப்பாவை அடித்தேன்.

தாய்க்கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மறுபடி குப்பையைக் கிளற ஆரம்பித்தது. குஞ்சுகள் அதன் காலடியில் ரோஸ் ரோஸாக மேய்ந்தன.

பஸ் இன்ஜின் உறுமியது. அக்கா திரும்பவில்லை. நான் இன்னும் வேகமாக அடித்தேன். குச்சி உடைந்து பாதி கையோடு நின்றது.

அம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் ராகி மாவு. வந்த வேகத்தில் அண்ணாந்து பார்த்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள்.



அம்மாவின் கண் மெல்ல வானத்தைவிட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தது. பஸ்ஸில் வந்து நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடைந்த குச்சியைப் பார்த்தாள்.

உள்ளே, நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த அப்பா கட்டிலில் புரளும் சத்தம் கேட்டது.

பஸ் நகர்ந்தது.

அம்மா என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினாள். வேலி ஓரம்வரை ஓடினாள். மாவுக் கையாலேயே டப்பாவை ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"ஹோய், பருந்து வருது, பருந்து வருது, ஹோய்" என்று கத்தினாள்.

ஒரு வருஷமாக அம்மா இப்படிக் குரல் எடுத்து நான் கேட்டதில்லை. ஏரிக்கரைவரை கேட்டிருக்கும்.

அக்கா திரும்பினாள்.

ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் அழுத்திக்கொண்டு பார்த்தாள். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை.

அம்மா கையை ஆட்டவில்லை. சிரிக்கவில்லை. காலியாக இருந்த வானத்தைப் பார்த்துக் கத்துவதும், நடுவில் ரோட்டைப் பார்ப்பதுமாக, பஸ் தைலமரத் தோப்பில் திரும்பும்வரை கத்திக்கொண்டே இருந்தாள்.

பிறகு நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"சாயம் பூசியுமா வருது" என்று அப்பா உள்ளே இருந்து தூக்கக் குரலில் கேட்டார்.

"வருது" என்றாள் அம்மா. "புள்ள இங்கயே நிக்கட்டும்."

குனிந்து குஞ்சுகளை எண்ணினாள். எல்லாம் இருந்தன. நிமிராமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.