ராஜ கவனிப்பு

"படுத்த படுக்கையா இருந்த பெரியவருக்கு முதுகெல்லாம் புண். யார் பொறுப்பு?" எதிர்த்தரப்பு வக்கீல் உறுமினார்.

கூண்டில் நின்ற முதியோர் இல்ல முதலாளி அசரவில்லை. "ஐயா, எங்க இல்லத்துல எல்லாரும் ராஜா மாதிரி இருக்காங்க. இருமுனா போதும், நர்ஸ் ஓடி வரும்!"

போதிய சாட்சி இல்லை, விடுதலை என்றார் நீதிபதி. முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் அவர் மகன் கண்கலங்கி நின்றான். "நீங்க சொன்னதக் கேட்டு வெக்கமாயிடுச்சுப்பா. வீட்ல உங்கள இப்படி நாங்க பார்த்துக்கலையே! நம்ம இல்லத்து மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். இன்னையிலிருந்து நீங்களும் அங்கதான்."

முதலாளி, படியிறங்கிய எதிர்த்தரப்பு வக்கீலின் கையைப் பாய்ந்து பிடித்தார்.

"சார், சும்மா விட்டுடாதீங்க! அப்பீல் போங்க. சாட்சிக்கு நானே வர்றேன்!"