அரிசி டிரம்முக்குள் மாதா

"ஏளா சலேத்து, கெபியில மாதாவைக் காணலையாம்."

வாசலில் நின்று ஜெபசுதா சொன்னபோது சலேத்மேரி தோசைக்கல்லை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் கண் நேராக அரிசி டிரம்முக்குத்தான் போகும். மாதா சொரூபம் அதற்குள்தான், பழைய சேலை சுற்றி, பத்திரமாக இருந்தது.

அடுத்த வீட்டு ஜெபசுதாவுக்கு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. சங்கு குளிக்கிறவர்கள் அத்தனை பேரும் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களாம். கடற்கரையில் குகை மாதிரிக் கட்டிய சின்னக் கோயிலான கெபியில் மாதாவின் காலைத் தொட்டுக் கும்பிடாமல் அந்தக் கரையில் ஒருத்தனும் வள்ளத்தில் ஏற மாட்டான். மாதா திரும்பி வரும்வரை தொழில் கிடையாது என்று முடிவாகிவிட்டதாம்.

அதுதானே வேணும் என்று சலேத்மேரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

லேசுப்பட்ட காரியமா செய்திருக்கிறாள்? ஏழு மாசத்துக்கு முன்னால், கித்தேரியான் கடலுக்கடியில் மூச்சுவிடுகிற ரப்பர் குழாய் மடங்கிச் செத்துப்போனான். அவள் புருஷன் கஸ்பாரோடு ஒரே வள்ளத்தில் போனவன். அவனை அடக்கம் பண்ணிய அன்று சாயங்காலமே அவள் கெபிக்குப் போய் மாதாவிடம் மன்றாட ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் இனிமேல் கடலில் முங்கக் கூடாது தாயே, அவ்வளவுதான் செபம். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் முழங்கால் நடை. முட்டி இரண்டும் காய்த்துப்போய்விட்டன.

இதைக் கஸ்பாரிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்லுவாள்? அவள் அப்பா பேர்போன சங்குகுளிக்காரர். முங்கத் தெரிந்தவனுக்குத்தான் என் மகள் என்று தேடிப் பிடித்துக் கஸ்பாருக்குக் கட்டி வைத்தவர். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, புருஷனிடம் போய், பயமா இருக்கு, போகாதிய என்று சொல்ல நாக்கு வருமா? அதனால்தான் மாதாவிடம் விட்டாள்.

மாதாவானால் அசைகிற வழியைக் காணோம். கஸ்பார் தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு போனான், பொழுது சாய உடம்பெல்லாம் உப்புப் பூத்து வந்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சலேத்மேரி, நேற்றுச் சாயங்காலம் செபமாலை முடிந்து கூட்டம் கலைந்ததும், கெபியின் கண்ணாடிக் கதவைத் திறந்து மாதாவைத் தூக்கி, முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவிய முங்க மாட்டேன்னு சொல்லுத வரைக்கும் நீ இங்கனதான் இருக்கணும்" என்று மாதாவிடமே கறாராகச் சொல்லிவிட்டுத்தான் டிரம்மை மூடினாள்.

ஜெபசுதா போனதும், பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்த கஸ்பார் வந்து சாப்பிட உட்கார்ந்தான். செய்தி அவன் காதிலும் விழுந்திருந்தது. அவன் பதறவில்லை. சிலுவை போட்டுக்கொண்டான், நாலு தோசையைத் தின்றான், பையைத் தோளில் மாட்டினான்.

சலேத்மேரிக்குத் திக்கென்றது. "மாதா காலைத் தொடாமலா போறிய?"

"மாதா எங்கன இருந்தாலும் நம்மளப் பாத்துக்கிடுவா. நேரமாவுது ளா."

நின்றுகூடப் பேசவில்லை. அவன் பைக் தெருமுனையில் திரும்பிவிட்டது.

அட பாவி மனுஷா, ஊரே கரையில் நிற்கும்போது உனக்கு மட்டும் என்ன அவசரம்? இத்தனை நாளும் மாதாவின் துணையோடாவது முங்கினான். இன்றைக்கு அந்தத் துணையையும் அவளே அல்லவா பிடுங்கி வைத்திருக்கிறாள்?

அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை சலேத்மேரி. அடுப்பை அணைத்தாள். மாதாவை வெளியே எடுத்து, கிரீடத்தில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்தாள். இந்தத் தடவை முந்தானையால் மூடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெருவே பார்க்கக் கடற்கரைக்கு நடந்தாள். ஊர் என்ன பேசும், பங்குச் சாமியார் என்ன சொல்லுவார்? என்னவும் சொல்லட்டும். அவன் முங்குவதற்குள் மாதா கெபியில் நிற்க வேண்டும்.

அவளைக் கண்டதும் கரையில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. மாதாவைப் பீடத்தில் வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நின்றாள். எடுத்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். எதற்காக எடுத்தாள் என்பதையும் மறைக்கவில்லை. ஏசுகிறதையெல்லாம் பிறகு ஏசுங்கள், முதலில் வள்ளத்தை எடுங்கள் என்றாள்.

கஸ்பாரும் கித்தேரியானும் ஒன்றாகப் போன வள்ளத்தின் சொந்தக்காரர் ஆன்டனி முன்னால் வந்தார். "வள்ளம் எதுக்கும்மா?"

"அவிய மாதா காலைத் தொடாம கடலுக்குப் போயிட்டாவ, அண்ணாச்சி. முங்குததுக்குள்ள கூட்டிட்டு வரணும். நீங்க வராட்டா நானே வள்ளத்தைத் தள்ளுதேன்."

ஆன்டனி பிடரியைச் சொறிந்தார். மற்ற ஆண்கள் மணலைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு ஒரு வள்ளமும் எறங்கலம்மா. கஸ்பார் இப்பம் இங்கன வாரதே இல்ல. உப்புக் குடோன்ல மூட்டை தூக்குதான். சங்குகுளி வீட்டுப் பொண்ணுக்கு இது தெரிஞ்சா கேவலமா நினைப்பான்னு எங்க எல்லார் வாயையும் கட்டிட்டான்."

சலேத்மேரி பீடத்தில் நிற்கிற மாதாவைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பருந்து, அண்ணாச்சி?"

"கித்தேரியானை அடக்கம் பண்ணினோம்லா, அன்னைக்குச் சாயங்காலமே. நீ கும்பிட்டுட்டு அங்கிட்டுப் போன, அவன் இங்கிட்டு வந்து, இனிமே முங்க மாட்டேன்னு இந்த மாதா காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டான்."