உறுமல்

"இந்தக் கண்றாவியப் பாருங்க டாக்டர்!" மேனேஜர் காலைத் தூக்கி, பேன்ட்டில் அப்பியிருந்த நாயின் எச்சிலைக் காட்டினார். ஒரு காகிதத்தால் அதைத் துடைத்தார், துடைத்த விரலைத் துடைக்க இன்னொரு காகிதம் எடுத்தார். சீ! காலையில் தேய்த்துப் போட்ட பேன்ட்.

நாய் மேசைக்கடியில் நின்று உறுமிக்கொண்டே இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடக்கு, கழுத்து முடி துடைப்பம் மாதிரி விறைத்திருந்தது. மேனேஜரின் மனைவி அதன் வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"கல்யாணமாகி அஞ்சு மாசம், அஞ்சு மாசமும் இதே கூத்து! நான் வண்டிய நிறுத்துறதுக்குள்ள ஓடிப்போய் சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கும். என் வீட்டுல நான் தண்ணி குடிக்க இது உத்தரவு குடுக்கணும். என் வாசனை பிடிக்கலையோன்னு மூணு சோப்பு மாத்திட்டேன், ஒண்ணுக்கும் மசியல. நேத்து என் காலையே கவ்விடுச்சு. ஊசியப் போட்டு முடிச்சு விடுங்க."

நாயின் தடுப்பூசி அட்டை மனைவியின் பெயரில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்த்தது, அவளோடு ஒட்டிக்கொண்டு வந்த சனியன். அவள் கையெழுத்து இல்லாமல் ஊசி கிடையாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அவளையும் இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

டாக்டர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "கடிக்குதுன்னு வர்ற நாய, வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியா கொஞ்ச நேரம் விட்டுப் பாப்பேன். அப்புறம்தான் ஊசி."

"தாராளமா பாருங்க," என்றார் மேனேஜர். அவர் குரல் எப்போதும் ஏறாது. தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று ஆபீஸ் முழுக்கப் பேர் வாங்கியவர்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அறையில் ஏசி போட்ட குளிரில் டாக்டரே ஸ்வெட்டர் மாட்டியிருந்தார். இவளுக்கு மட்டும் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை, முதுகெல்லாம் தெப்பலாக நனைந்திருந்தது. நாலு பேர் பார்க்க இப்படியா வந்து நிற்பாள்!

"துடை," என்றார் மெதுவாக.

அவள் அவசரமாகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். நாய் பல்லைக் காட்டியது.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா," என்றார் டாக்டர்.

அவள் போய்க் கதவு மூடிய ஐந்து நிமிடத்தில் உறுமல் அடங்கிவிட்டது. நாய் நாலு சுற்று சுற்றி, கொட்டாவி விட்டு, மேனேஜரின் ஷூ மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வாயோரத்திலிருந்து எச்சில் கயிறு மாதிரி இறங்கியது.

"உவ்வே! டாக்டர், ஷூவுல வழியுது டாக்டர்!" காலை உருவிக்கொண்டார். நாய் வாலை ஆட்டியது. "நடிக்குது. ஊரை ஏமாத்துற நடிப்பு. இதுக்கெல்லாம் மசிஞ்சிடாதீங்க."

மனைவியை உள்ளே கூப்பிட்டார் டாக்டர். நாய் சட்டென்று எழுந்து மேனேஜரைப் பார்த்து உறுமியது. வெளியே அனுப்பினார், அடங்கியது. மூன்றாவது முறை டாக்டரே வெளியே போய் அவளுடைய கைக்குட்டையை மட்டும் வாங்கி வந்து நாயின் முன்னால் போட்டார்.

நாய் அதை மோந்தது. முடி சிலிர்க்க எழுந்து, அறையை ஒரு தரம் பார்த்துவிட்டு மேனேஜரை நோக்கி உறுமத் தொடங்கியது.

மேனேஜருக்கு முகமெல்லாம் பல். "அப்படிப் போடுங்க! கோளாறு இவகிட்டதான் இருக்கு. இவ வேர்வை நாத்தம் நாய்க்கே தாங்கல, நான் எம்மாத்திரம்!"

"நாத்தம் இல்ல சார்," என்றார் டாக்டர். "பயத்துல வர்ற வேர்வைக்குன்னு தனி வாசனை உண்டு. நம்ம மூக்குக்கு எட்டாது, நாய்க்கு எட்டும். தன்ன வளர்த்தவங்க பயந்திருக்காங்கன்னு தெரிஞ்சா சில நாய் இப்படித்தான் காவலுக்கு நின்னுடும்."

மேனேஜர் தொடையைத் தட்டினார். "அதத்தானே நானும் சொல்றேன்! இந்தச் சனியனக் கண்டு இவ நடுங்கிச் சாகுறா. வாயத் தொறந்து சொல்லவும் தெரியாது, மண்ணு மாதிரி நிப்பா. கூப்பிடுங்க அவள."

அவள் வந்தாள். மேனேஜர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, தன் பேனாவையே திறந்து நீட்டினார். "நாய்க்குப் பயந்து எத்தன நாள்தான் வேர்த்து வழிவ? போடு," என்றார், அதே மெல்லிய குரலில்.

நாய் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

அவள் பேனாவை வாங்கினாள். படிவத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, நாயின் வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பயம் நாய்கிட்ட இல்ல, டாக்டர்."